மலைக்கு வந்த கத்திரி

ஏப்ரல் 19, 2024, வெள்ளி. கீழப்பழுவூர், அரியலூர் மாவட்டம்

இன்று ஓட்டுப்பதிவு. எங்களுடையது சிதம்பரம் தொகுதி. வாக்குச்சாவடி திறக்கும் முன்பே வயதானவர்கள் எல்லாம் வரிசையில் நின்றுவிட்டார்கள். பத்து மணிக்கு மேல் பள்ளிக்கூடம் வெறிச்சோடியது, நாலு மணிக்குத்தான் மறுபடி கூட்டம் சேர்ந்தது. இப்படி வாருங்கள் என்று யாரும் தண்டோரா போடவில்லை. வெயில் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது இந்த ஊர்க்காரர் உடம்பிலேயே இருக்கிறது.

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த காலத்தில் இதைத்தான் வீடு வீடாகப் பார்த்தேன். முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகிறவர்கள் இருட்டோடு போய் பத்துக்குள் திரும்புவார்கள். காலையில் நீராகாரம், பதினோரு மணிக்குக் கம்மங்கூழ், மத்தியானம் மோர்ச்சோறு. உப்பும் நீரும் உடம்பில் குறையாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

கோத்தகிரியிலிருந்து மகள் பேசினாள். "அம்மா, வீட்டுக்குள்ள இருக்க முடியல. பாப்பா ராத்திரி பூரா தூங்கல. அத்தைக்குத் தலை சுத்துதுங்கறாங்க." குரலில் அழுகை.

ஊட்டியில் 29 பாகை என்று செய்தியில் சொன்னார்கள். 1951 முதல் உள்ள கணக்கில் இதுதான் உச்சமாம். இதற்கு முன் 1986 ஏப்ரலில் 28.5 இருந்திருக்கிறது. கோத்தகிரி ஊட்டியைவிடத் தாழ்வான இடம், அங்கே சூடு இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தார். "இருபத்தொம்பதுக்கா இந்தப் பாடு? நமக்கு அது மழை பெஞ்சு விட்ட நாளு." எனக்குக் கோபம் வந்தது. ஈரோடு, கரூர்ப் பக்கம் 42-ஐத் தாண்டிவிட்ட நேரத்தில் 29-ஐ யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். ஆனால் வானிலைத் துறையே வெப்ப அலைக்கு எல்லா ஊருக்கும் ஒரே எண் வைக்கவில்லை. சமவெளியில் 40 பாகையைத் தொட வேண்டும், கடலோரத்தில் 37, மலையில் 30. அந்தந்த ஊருக்கு வழக்கமான சூட்டைவிட நாலரை பாகையோ அதற்கு மேலோ கூடியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஊட்டிக்கு இந்த 29, வழக்கத்தைவிட ஐந்து பாகைக்கு மேல் அதிகம். நம் ஊரில் ஐந்து பாகை கூடினால் அக்கா சிரிப்பாரா?

மே 2, வியாழன்

நேற்றிரவு மகளோடு நெடுநேரம் பேசினேன். வெயில் பழகுவதற்கு உடம்பு ஒன்று இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரம் தொடங்கும், நிறைய வரும், அதோடு போகும் உப்பு குறைவாக இருக்கும். நமக்கு மாசி, பங்குனி என்று வெயில் படிப்படியாக ஏறுவதால் சித்திரைக்குள் உடம்பு தயாராகிவிடுகிறது. மலையில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. போன ஜனவரியில் உறைபனி பார்த்த மாவட்டம் அது.

சம்பந்தி அம்மாவின் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டேன். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறாராம். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வயதானவர்களுக்குத் தாகம் அவ்வளவாகத் தெரியாது. நீர் மாத்திரை இன்னொரு பக்கம் உடம்பிலுள்ள தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருக்கும். டாக்டரிடம் உடனே அழைத்துப் போகச் சொன்னேன். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

வெயிலுக்குப் பழகாத ஊர் என்றதும் பிரான்ஸ் நினைவுக்கு வந்தது. 2003 ஆகஸ்டில் அங்கே சுமார் 15,000 பேர் வெயிலுக்குச் செத்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். பணக்கார நாடுதான், ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லைதான். குளிருக்குக் கட்டிய வீட்டில் வெயில் புகுந்தபோது என்ன செய்வதென்று அந்த வீடுகளில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

மே 6, திங்கள். கோத்தகிரி

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய மறுநாள் கிளம்பிவிட்டேன். திருச்சி, கோவை, மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலைப் பேருந்து. நாளை முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவு. வெயிலுக்குத் தப்பி மலையேறுகிற கூட்டத்தை நானே வழியெல்லாம் பார்த்தேன். தண்ணீர் தட்டுப்பாடான மாதத்தில் இத்தனை பேர் வந்தால் இங்கே குடியிருப்பவர்கள் எதைக் குடிப்பார்கள்? இந்தக் கட்டுப்பாடு எப்போதோ வந்திருக்க வேண்டும்.

வீட்டைப் பார்த்ததும் பாதி விஷயம் புரிந்தது. மேலே தகரக் கூரை, அடியில் ஒட்டினாற்போல ஒரு பலகைத் தட்டு. சுவரில் மேல்துவாரம் ஒன்றுகூட இல்லை. சன்னல்கள் கண்ணாடி, அதிலும் பாதி திறக்காதவை. குளிர் உள்ளே வராமல் இருக்கவும், பகலில் விழும் வெயிலின் கதகதப்பு வெளியே போகாமல் இருக்கவும் ஒருவர் யோசித்துக் கட்டிய வீடு இது. பனிக்காலத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றிய அதே கட்டுமானம் இப்போது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மின்விசிறி மாட்ட உத்தரத்தில் கொக்கி கிடையாது. மருமகன் மேசை விசிறிக்கு அலைந்திருக்கிறார், கடையில் தீர்ந்துவிட்டதாம்.

சம்பந்தி அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வெயில்னு கழட்டினா சளி புடிச்சிக்கும்ங்க" என்றார். வாழ்நாள் பழக்கம். அதை ஒரே நாளில் விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "காலையிலயும் சாயங்காலமும் போட்டுக்குங்க சம்பந்தி, நடுப்பகல்ல மட்டும் பருத்திச் சீலையோட இருங்க" என்றேன். கேட்டுக்கொண்டார். டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்.

மே 8, புதன்

எங்கள் ஊர் வைத்தியம் எல்லாம் இங்கே அப்படியே செல்லாது. கீழப்பழுவூரில் ராத்திரி வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுப்போம். இங்கே கரடி வரும். சன்னலைத் திறந்துவைக்கவே அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். இரண்டு சன்னல்களுக்கு இரும்பு வலை அடிக்க ஆள் கூப்பிட்டோம். கூரையை வெள்ளையடிக்கலாம் என்று மருமகன் சொன்னார். அரியலூர்க்காரிக்குச் சுண்ணாம்பு மேல் பாசம் இருக்காதா? எங்கள் மண்ணே சுண்ணாம்புக்கல், அதைச் சுற்றித்தான் இத்தனை சிமெண்ட் ஆலைகள். மொட்டைமாடியில் சுண்ணாம்பு பூசினால் உள்ளே சூடு தணிவதைக் கண்ணாரப் பார்த்தவள் நான். ஆனால் இங்கே தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது, முதல் மழைக்கே வழிந்துவிடும். வெள்ளைப் பூச்சு அடித்தாலோ மார்கழியில் வீடு இன்னும் குளிரும். வேண்டாம் என்றேன். பலகைத் தட்டுக்கு மேலே, கூரையின் இரு முனையிலும் திறந்து மூடும் துவாரம் வைத்தால் கோடையில் சூடு போய்விடும், பனிக்காலத்தில் மூடிக்கொள்ளலாம்.

மலையிடம் எங்களுக்கு இல்லாத ஒரு செல்வம் இருக்கிறது: ராத்திரி. இங்கே இருட்டினால் காற்று நிஜமாகவே குளிர்கிறது. எங்கள் ஊரில் தார்சு வீடுகள் பெருகி, சாலை அகலமாகி, புளியமரங்கள் போனபின் நள்ளிரவிலும் சுவர் சுடுகிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே திருப்பி வீசுகிறது. அதனால் இங்கே செய்ய வேண்டியது எளிது. சாயங்காலம் முதல் விடியும்வரை வீட்டைத் திறந்து குளிர்ச்சியை உள்ளே வாங்க வேண்டும். எட்டரைக்கெல்லாம் மூடி, வெயில் விழும் சன்னலுக்கு வெளிப்பக்கமாகத் துணியோ கோணியோ தொங்கவிட வேண்டும். உள்பக்கத் திரை போதாது, சூடு கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட பிறகு திரை என்ன செய்யும்? நேற்று இப்படிச் செய்தோம். பாப்பா மத்தியானம் தூங்கினாள்.

தேயிலை பறிக்கப் போகிறவர்கள் பாடுதான் கவலையாக இருக்கிறது. உயரம் ஏற ஏற வெயிலில் புற ஊதாக் கதிர் கூடும், சரிவில் நிழல் கிடையாது. காற்று சில்லென்று இருப்பதால் தோல் கருகுவது தெரிவதில்லை, தண்ணீர் குடிக்கவும் தோன்றுவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தட்டைக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு, தேக்கரண்டி அளவில். பக்கத்து லைன் வீட்டுப் பெண்களுக்குக் கலக்கிக் காட்டினேன். தேநீர் குடித்தால் போதாதா என்று ஒருத்தி கேட்டாள். தேநீரும் குடியம்மா, இதையும் குடி என்றேன்.

மே 12, ஞாயிறு

லாங்வுட் சோலைக்கு நடந்தோம். வெளியே சாலையில் கண் கூசும் வெயில், சோலைக்குள் அடி வைத்ததும் காற்றே வேறு. இந்த ஜனவரி 31 அன்று ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக அறிவித்த இடங்களில் தமிழ்நாட்டுக்கு இரண்டு. ஒன்று இந்தச் சோலை, இன்னொன்று எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கரைவெட்டி ஏரி. புள்ளம்பாடி வாய்க்காலில் மேட்டூர்த் தண்ணீர் வந்து நிறையும் ஏரி அது. மகள் வாழும் ஊரிலும் நான் வாழும் ஊரிலும் சூட்டை இறக்குவது மரமும் நீரும்தான். சோலை 116 ஹெக்டேர்தான்; கீழேயுள்ள ஊர்களுக்கு அதிலிருந்துதான் குடிநீர். ஒரு மரம்கூட இதில் போகக் கூடாது.

மே 19, ஞாயிறு. கீழப்பழுவூர்

நான் திரும்பி வந்ததும் அங்கே மழை. கனமழை எச்சரிக்கை, சுற்றுலாக்காரர்கள் 18 முதல் 20 வரை வர வேண்டாம் என்று நீலகிரி நிர்வாகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. மகள் போர்வையை மறுபடி எடுத்துவிட்டாளாம். துவாரம் வைக்கும் வேலையைத் தள்ளிப்போடாதே என்று சொல்லியிருக்கிறேன். குளிர் வந்துவிட்டால் எல்லோருக்கும் வெயில் மறந்துவிடும்.

அக்டோபர் கடைசி

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. வெயிலுக்கு இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். மனதார வரவேற்கிறேன். செவிலியராக இருந்தபோது வெயிலில் சுருண்டு விழுந்தவர்களை நெஞ்சுவலி என்றே எழுதி முடித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இனி அந்தச் சாவுகளுக்குக் காரணம் சரியாக எழுதப்பட வேண்டும். மலை மாவட்டத்துக்கு மலையின் எண்ணை வைத்தே எச்சரிக்கை போக வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் நிழல் பந்தலும் உப்பு சர்க்கரைக் கரைசலும் மார்ச் மாதமே தயாராக இருக்க வேண்டும். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருந்தால், அடுத்த பங்குனியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தச் சன்னல் திறக்கும், என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்.