குரலுக்கு என்ன கூலி?

கிரிக்கெட் வர்ணனையாளர்களின் செல்வத்தை எண்ணி நம் நண்பர்கள் பெருமூச்செறிவதுண்டு. யார் அவர்கள்? 2017-இல் தொடங்கிய ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழில் பேசிய ஸ்ரீகாந்த், பத்ரிநாத் ஆகியோர் இந்தியாவுக்கு ஆடியவர்கள்; மட்டை ஈட்டிய புகழே அவர்தம் முதல். ஹர்ஷா போக்ளேவுக்கு அந்த முதல் இல்லை. வேதிப் பொறியியல் பயின்றவர், 19 வயதிலேயே ஐதராபாத்தில் வானொலி வர்ணனையாளரானார், அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் படித்தார். புகழின் உச்சியிலிருந்த அவரையே 2016 ஐ.பி.எல். வர்ணனைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்!

நானும் ஞாயிறுதோறும் ஆவடியில் டென்னிஸ் பந்துப் போட்டிகளுக்கு மைக் பிடிக்கிறேன். கூலி 200 ரூபாய், ஒரு பிரியாணிப் பொட்டலம். "பேச்சு எத்தனை நாளைக்குடா சோறு போடும்?" என்கிறார் அப்பா. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர், கேட்பதில் நியாயமுண்டு. பட்டம் வாங்காமல் விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு அரையிறுதி, 300 கேட்டிருக்கிறேன்.