சீனி இல்லாத மழைக்காலம்

2022 மார்ச் 9, கொடகவெல

திங்களன்று இலங்கை மத்திய வங்கி ரூபாவின் டொலர் மதிப்பைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டது. தேன் எடுப்பதற்குப் போட்டிருந்த திட்டம் முழுவதையும் இது குழப்புகிறது. மாரி முடிந்து இலையுதிர்த்த இறப்பர் மரங்கள் இப்போது தளிர் விடுகின்றன. மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சுரக்கும் மதுவைத் தேனீக்கள் பூவுக்குப் போகாமலே அள்ளுகின்றன. இந்தச் சில வாரங்கள்தான் பருவம். தமிழ்நாட்டு மார்த்தாண்டத்து இறப்பர்த் தோட்டங்களிலும் இதே கதைதான். அடிக்கடி எடுத்தால் இடம் கிடைக்கும், தேனீ இன்னும் சேர்க்கும் என்பார்கள். அது உண்மை. ஆனால் அந்த வழக்கம் மழையில் சீனிப்பாகு ஊற்றலாம் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. செவனகல சீனி ஆலை பக்கத்தில் இருந்தாலும் நாட்டுக்கு வேண்டிய சீனியில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. டொலர் இல்லாமல் கப்பல் வராது. அப்படியானால் தேனீப் பெட்டியில் விட்டுவைக்கும் தேன்தான் மழைக்காலத் தீனி. எத்தனை முறை எடுப்பது என்பதை யூன் மழையிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும்.

மார்ச் 12

மெழுகு மூடாத அடையைத் தொடக்கூடாது. நீர் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் தேன் புளிக்கும்.

மார்ச் 27

மேல் அறையில் மெழுகு மூடிய அடைகளை மட்டும் எடுத்து, பிழிந்த வெற்றடையை உடனே திரும்ப வைத்தால் இடப் பிரச்சினையும் தீரும். புழு அறையின் ஓரத்துத் தேன் தேனீயுடையது. பெட்டி கனமாக இருக்கிறதே, அதிலும் கொஞ்சம் எடுத்தாலென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான்: நம் நாட்டுத் தேனீ பசித்தால் பெட்டியை விட்டு ஓடிவிடும். கடைசியாக எடுத்த அந்தப் போத்தலுக்காக அடுத்த வருடத்துக் கூட்டத்தையே இழக்க வேண்டி வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏப்ரல் 13

வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நேற்று அரசு அறிவித்தது. சீனிக் கணக்கை இனி எழுதிப் பயனில்லை.

மே 11

பிரதமர் பதவி விலகிவிட்டார். ஊரடங்கு. மார்ச்சில் எழுதியதற்கு வலுவான மறுப்பு இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. தோட்டத் தொழிலாளருக்கு ஒரு நாள் பேருக்கு 1000 ரூபா என்று சம்பளம் நிர்ணயித்தபோது ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. இப்போது அது 360ஐத் தொட்டுவிட்டது. அதே 1000 ரூபாவில் அரிசியும் மருந்தும் வாங்க வேண்டிய லயத்துக் குடும்பத்துக்கு, பெட்டிக்குள் இருக்கும் தேன் விற்கக்கூடிய பொருள். அடுத்த வருடத்துக் கூட்டத்தைக் காட்டி அதைத் தடுக்க முடியுமா? தேனீயின் பசியை அளக்கத் தெரிந்த கணக்கில் வீட்டின் பசிக்கு ஒரு பத்தியும் இல்லை. ஆனாலும் ஓரத்து அடையை எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். மேல் அறையில் மிச்சமிருப்பதை முழுவதும் எடுத்து விற்கலாம். அதைக்கூட மார்ச்சில் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

யூன் 4

மழை விடவில்லை. தளிர் முற்றி மது நின்று எத்தனையோ நாளாகிறது. மெலிந்த கூட்டங்கள் எப்படியும் ஓடிவிடும், அவற்றின் தேனை வழித்தெடுத்தால் நட்டமில்லை என்று ஒரு வாதம் இருக்கிறது. மெலிந்ததை வலுவானதோடு சேர்த்தால் தேனும் தேனீக்களும் மிஞ்சும், ஒரு ராணி மட்டும் போகும் என்பது என் வாதம். ஆனால் பெட்டி எண்ணிக்கை குறைந்தால் அடுத்த தளிருக்கு எத்தனை பெட்டி நிற்கும்? எந்தக் கூட்டம் மெலிந்தது என்று இந்த மழையில் திறந்து பார்ப்பதே அதை ஓட வைக்கலாம்.