வேம்புக் கதவும் பலா யன்னலும்

வீடு திருத்துகிற எல்லாரும் ஒருக்காவது சொல்லுற வசனம் ஒன்று இருக்கிறது: "எல்லாம் ஒரே கலரா வரவேணும்." எங்கட வீட்டில் அதைச் சொன்னது கனடாவில் இருக்கிற மாமா. காசு அனுப்பினதும் அவர்தான். அதால அந்த வசனத்துக்குப் பாரம் கொஞ்சம் கூட.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்கள் வீட்டு வாசல் கதவு வேம்பு. வளவில் நின்ற மரத்தை அறுத்து அம்மப்பா செய்வித்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் பூட்டிவிட்டுப் போன வீடு. அடுத்த வருசம் திரும்பி வரேக்க கூரையும் இல்லை, யன்னலும் இல்லை, கதவு மட்டும் நின்றதாம். அதன் நடுவில் ஒரு ஷெல் பீஸ் ஏறியிருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு.

இப்போது கட்டின புது அறைக்குக் கதவும் யன்னலும் பலாவில். மாமா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார்: எல்லாம் கடும் 'வால்நட்' நிறம். பழைய கதவின் ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, அதற்கும் அதே நிறம் அடிக்கச் சொன்னார்.

ஓடாவியார் சிரிச்சார். "ஸ்டெயின் எண்டது பெயின்ற் இல்லைப் பிள்ளை. மரத்தை மறைக்காது."

அறுத்து மிஞ்சின ஒரு பலாத் துண்டிலும் ஒரு வேப்பந்துண்டிலும் ஒரே ரின்னிலிருந்து பூசிக் காட்டினார். வேம்பில் செம்மண்ணிறம் எழும்பியது. பலாவில் பழுப்புக்குக் கீழே மஞ்சள் நின்றது. பிக்குமாரின் காவித்துணிக்குச் சாயம் எடுத்ததும் பலாவின் வைரத்தில்தானே, அந்த மஞ்சள் லேசில் போகாது. பலாவை வேம்புக்குக் கிட்டக் கொண்டுவர ஸ்டெயினில் கொஞ்சம் சிவப்புச் சேர்க்கவேணும். "மகோகனி எண்டால் வேலை சுகம்," என்றார். வேம்பும் மகோகனியும் ஒரே தாவரக் குடும்பம், நிறமும் சொந்தக்காரர் மாதிரித்தான். ஆனால் பலா ஏற்கெனவே அறுத்தாச்சு.

அவரிடம் நான் கேட்டு எழுதி வைத்தது, வீடு திருத்திற உங்களுக்கும் உதவலாம். நிறத்தைக் கடையில் இருக்கிற அட்டையைப் பார்த்துத் தெரிய வேண்டாம், உங்கட மரத்தின் துண்டிலேயே பூசிப் பாருங்கள். இரண்டு மரத்தையும் ஒரே நம்பர் சான்ட் பேப்பரால் முடியுங்கள். 120இல் விட்ட மரம், 220 வரை தேய்த்ததை விடக் கூடக் குடிக்கும், கூடக் கறுக்கும். பழைய வார்னிஷைச் சுரண்டாமல் மேலே பூசினால் ஸ்டெயின் உள்ளே இறங்காது. வார்னிஷும் அடித்துக் காய்ந்த பிறகுதான் நிறத்தைத் தீர்மானிக்கலாம், அதுவும் அந்தக் கதவு நிற்கப்போகிற வெளிச்சத்தில். பலா வெளிச்சம் பட்டுப்பட்டு வருசக்கணக்கில் பழுப்பாகும் மரம். அதால இண்டைக்குச் சரியாகப் பொருந்த வைக்காமல் ஒரு படி வெளிறலாக விடவேணும்.

இதெல்லாம் பேசி முடிக்கலாம். கதவில் இருந்த இரும்புதான் பேசி முடியாத விசயம்.

நான் அதை அப்படியே விடச் சொன்னேன். "அது எங்கட வரலாறு அம்மா."

"வரலாறு எண்டு நீ சொல்லுவாய். விடிய எழும்பி அதைத் திறக்கிறது நான்," என்றா அம்மா.

இரும்பு உள்ளே இருக்கும்வரை ஒவ்வொரு மாரிக்கும் கறள் பிடிக்கும் என்றார் ஓடாவியார். ஈரத்தில் இரும்பும் மரத்தின் தனினும் சேர்ந்துதான் அந்தக் கறுப்பு வருகிறது. வினாகிரியில் இரும்புத் தும்பை ஊறவைத்து மரத்துக்குக் கறுப்பு ஏற்றுகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான். விரும்பினால் ஒக்சாலிக் அசிட் பூசி அதை வெளிற வைக்கலாம்.

அன்றிரவு மாமாவுடன் வீடியோவில் கதைத்தோம். கதவைக் காட்டினபோது கன நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "அதைக் கடைசியாப் பூட்டினது நான். அதுதான் மூடச் சொன்னனான்."

முடிவு அம்மாவுடையது. பீஸை எடுக்கிறது. ஓட்டைக்குப் பட்டி வேண்டாம், வேப்பந்துண்டு வைக்கிறது. கறுப்புக்கு அசிட் பூசட்டோ என்று ஓடாவியார் கேட்டதுக்கு, "அது கிடக்கட்டும். இரும்பு போனால் காணும்," என்றா. வால்நட் ரின் திறக்காமலே கடைக்குத் திரும்பிப் போனது. பழைய கதவுக்கு வார்னிஷ் மட்டும். புது யன்னல்களுக்குச் செம்மை கலந்த ஸ்டெயின், கதவைவிட ஒரு படி வெளிறலாக.

வருகிற ஆக்கள் ஏன் இரண்டும் ஒரே நிறமில்லை என்று கேட்கினம். இரண்டும் வேற மரம் என்று சொல்லுறன். பலா இன்னும் மஞ்சள் காட்டுது. அது பழுக்கக் கொஞ்ச வருசம் எடுக்கும். அம்மாவுக்கு அவசரமில்லை.