நகம் வெட்டினா ஆகாது

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பேருந்தில், ‘கரம், சிரம், புறம் நீட்டாதீர்’ என்று மரியாதையாக எழுதியிருக்கும். நடத்துநருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. “தம்பி, கைய உள்ள எடு!” என்பார். நடராசர் கோயிலுக்குள் போய்க் கைப்பேசியை உயர்த்தினால், “படம் எடுக்கக் கூடாதுங்க” என்று யாராவது சொல்வார்கள். தடுப்பது ஒன்றுதான், ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி குரல் மாறுகிறது.

ஜப்பானிய மொழியிலும் இதே கதைதான். பலரும் படிக்கிற ‘மின்னா நொ நிஹோங்கோ’ பாடநூலில் 15ஆம் பாடத்தில் ‘தே வ இகெமசென்’ வருகிறது. ‘தொத்தே வ இகெமசென்’ என்றால் படம் எடுக்கக் கூடாது. 17ஆம் பாடத்தில் ‘தொரனாய்தே குதசாய்’ வகை: தயவுசெய்து எடுக்காதீர்கள். ‘தொருனா’, அதாவது ‘எடுக்காதே!’ என்ற அதட்டல், 33ஆம் பாடம் வரை காத்திருக்க வேண்டும். பணிவை முதலில் பழக்கிவிட்டு அதட்டலைப் பின்னுக்குத் தள்ளியது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

ஆங்கிலம் வழியாகப் படிக்கிற பிள்ளைகள் ‘தே வ இகெமசென்’னை ஒரே மூச்சாக உருப்போடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் நம் வீட்டுப் பேச்சு. ‘தொத்தே வ’ என்பது எடுத்தால். ‘இகெமசென்’ என்பது ஆகாது, சரிப்படாது. “விளக்கு வச்சப்புறம் நகம் வெட்டினா ஆகாது” என்று பாட்டி சொல்வாரே, அதே அமைப்பு. ஜப்பானியப் பாட்டிகளும் ராத்திரியில் நகம் வெட்ட விடமாட்டார்கள். வெட்டினால், பெற்றவர்களின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைக்காது என்பது அங்குள்ள நம்பிக்கை.

ஆனால் ‘இகெமசென்’ விதியைச் சொல்பவரின் பேச்சு. ஆசிரியர் மாணவரிடம் சொல்லலாம், மேலதிகாரியிடம் நாம் சொன்னால் முகம் சுளிப்பார். அங்கே ‘ச்சொத்தோ…’ என்று இழுத்து நிறுத்திவிட வேண்டும். பொருள் ‘கொஞ்சம்…’ என்பதுதான். நம் அலுவலகங்களிலும் “அது கொஞ்சம்…” என்று இழுத்தாலே காரியம் நடக்காது என்று எழுந்து வந்துவிடுகிறோமே!

தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். வினை வாக்கியக் கடைசியில் நிற்பதும் ஒட்டுகள் அதன் பின்னால் வரிசைகட்டுவதும் இரண்டுக்கும் பொது. கடலூரிலும் சிதம்பரத்திலும் ஜப்பானியம் சொல்லித்தருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இலக்கணத்தையாவது தமிழில் நடத்துங்கள்.