கோவையில் ஒரு ஜாகை

சித்திரையில் என் அண்ணன் மகளுக்குக் கலியாணம் ஆயிற்று. வைகாசி பிறந்ததும் கும்பகோணத்திலிருந்து டெலிபோன் வந்தது. "அத்தை, எங்கள் இரண்டு பேருக்கும் கோயமுத்தூரிலேயே வேலை கிடைத்துவிட்டது! அவருக்குச் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி. எனக்குச் சிங்காநல்லூரில் பள்ளிக்கூடம். வீடு பார்க்க வருகிறோம். ஒரு நாள் போதும் அல்லவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீடு பார்ப்பது பெண் பார்ப்பது போல் சுலபமில்லையடி. பெண் பார்க்கப் போனால் சொஜ்ஜி, பஜ்ஜியாவது கிடைக்கும். ஒரு வாரத்துக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்து சேருங்கள்" என்றேன்.

வந்தார்கள். மாப்பிள்ளை கையில் ஒரு கணக்குக் காகிதம். வாடகை 12,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, அட்வான்ஸுக்கு 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார், ஸ்கூட்டர் ஒன்றுதான். புது மாப்பிள்ளை இவ்வளவு கணக்காக இருப்பது நல்ல லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் காகிதத்தில் விட்டுப்போனவை எத்தனை என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் ஆர்.எஸ்.புரத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே வீடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அல்ல. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பார்க்க வேண்டாமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் நோய் ஆட்டி வைத்தது. நெரிசலான பழைய ஊருக்கு வெளியே, அகலமான தெருக்களும் காற்றோட்டமுமாக மனை போட்டு எழுப்பிய பேட்டைதான் இது. நகரசபைத் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைச் சூட்டினார்கள். அவசரக்காரர்கள் அதை இரண்டே எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். அண்ணன் மகள் மரங்களைப் பார்த்துச் சொக்கிப் போனாள். மாப்பிள்ளை ஒரு டு-லெட் பலகையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். வாடகையைக் கேட்டதும் கணக்குக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூவருமாகக் காப்பி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் கோவைப்புதூர். மேற்கு மலைத் தொடரில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசல் மாதிரி திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் அந்த வாசல் வழியாக வரும் காற்று முதலில் இந்தப் பக்கத்து ஜன்னல்களைத்தான் தட்டும். வாடகை கட்டுப்படியாயிற்று, வீடும் அழகாயிருந்தது, மொட்டை மாடியில் நின்றால் மலை தெரிந்தது. ஆனால் கோவைப்புதூர் ஊரின் தென்மேற்கு மூலை. சரவணம்பட்டியோ வடகிழக்கு மூலை. மலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் ஆபீஸுக்கு யார் போவது?

இதற்கிடையில் தண்ணீர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். கோவையில் வீடு பார்க்கிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்னால், "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தரம் வருதுங்க?" என்று கேட்பார்கள். கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்து மலையிலிருந்து வரும் சிறுவாணித் தண்ணீர், உலகத்திலேயே இரண்டாவது இனிப்பான தண்ணீர் என்று கோவைக்காரர்கள் பெருமை பேசுவார்கள். முதலாவது எது என்று நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. எல்லாப் பேட்டைக்கும் சிறுவாணி வருவதில்லை. பவானி ஆற்றுப் பில்லூர் அணைத் தண்ணீரும் ஊருக்குள் வருகிறது. குழாயில் வராத நாளுக்கு ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர். அதில் துவரம் பருப்பைப் போட்டால் வேகவே வேகாது. குளித்தால் தலைமுடி தேங்காய் நார். ஆகையால் வாடகை ஆயிரம் குறைகிறதே என்று மயங்காதீர்கள். தொட்டி எவ்வளவு பெரியது, மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே தொட்டியா என்று பார்த்துவிடுங்கள். குடிக்கத் தண்ணீர்க் கேன் வாங்கியே அந்த ஆயிரத்தில் பாதி போய்விடும்.

கரண்டும் அப்படித்தான். வீட்டு உபயோகத்துக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் இரண்டு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் அந்த நூறும் பாதியாகிறது. யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற ஏற்பாடு வேறு. தனி மீட்டர் இல்லாத வீட்டில் மாப்பிள்ளை ஒரு மணி நேரம் மின்விசிறியைப் போட்டால் பக்கத்து வீட்டு மாமி ஒரு மணி நேரம் முறைப்பாள்.

மூன்றாம் நாள் கணபதிப் பக்கம் ஒரு வீடு. எல்லாம் பொருத்தம். வீட்டுக்காரர் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். எந்த ஊர், என்ன வேலை, கறி மீன் சமைப்பது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" என்றார். இதைக் கேட்காதே என்று எந்தச் சட்டம் சொன்னாலும், மோர் கொடுத்த கையோடு கேட்பவர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். என் அண்ணன் மகள் செய்துகொண்டது காதல் கலியாணம். அவள் ஒரு ஜாதி, அவர் ஒரு ஜாதி. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "மாதம் பிறந்தால் அஞ்சாம் தேதிக்குள் வாடகை கொடுக்கிற ஆளுங்க" என்றாள். வீட்டுக்காரர் சிரித்தார். வீடு மட்டும் கிடைக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசவே இல்லை.

நான்காம் நாள் சரவணம்பட்டி. சத்தி ரோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடுக்கு வீடுகள். மாப்பிள்ளையின் கம்பெனிக்குப் பத்தே நிமிஷ நடை. வாடகை 11,500. தனி மீட்டர். வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார். தமிழ்நாட்டில் 2017-ல் நிறைவேறி 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. இதை நான் எடுத்துச் சொன்னேன். "சட்டம் சட்டசபையில இருக்கட்டுங்கம்மா. வீடு எங்கிட்ட இருக்குது" என்றார். இருந்தாலும் பேசிப் பேசி ஐந்து மாதத்துக்கு இறங்கினார். மாப்பிள்ளை காகிதத்தை விரித்தார், 57,500. முகம் மலர்ந்துவிட்டது.

அண்ணன் மகள் முகம் மட்டும் மலரவில்லை. "உனக்கு என்னடி?" என்று தனியாகக் கேட்டேன். "ஒன்றுமில்லை அத்தை. சிங்காநல்லூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் போலிருக்கிறது. பழகிவிடும்" என்றாள்.

பழகிவிடும்! அந்த வார்த்தை என்னை 1985-க்குக் கொண்டு போய்விட்டது. அப்போது நானும் புதுப்பெண். பாப்பநாயக்கன்பாளையத்தில் ஒரு லைன் வீடு. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையில் மில்கள் பெருகின. மில் வேலைக்கு வந்தவர்கள் தங்குவதற்கு எழும்பியவை லைன் வீடுகள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், பொதுவாக ஒரு கிணறு, எல்லோருக்கும் சேர்த்து ஒரு வம்பு. என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. சங்கு ஊதினால் போய் நிற்க வேண்டும். அதனால் மில்லுக்குப் பக்கத்தில் ஜாகை. எனக்குப் பேரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். விடியற்காலம் எழுந்து சமைத்துவிட்டு ஓடுவேன். பழகிவிடும் என்று நானும் சொன்னேன். பழகுவதற்குள் ஒரு வருஷத்தில் வேலையை விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

இதை அன்று ராத்திரி மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகப் போயிற்று. புது மாப்பிள்ளையிடம் அதிகம் பேசிவிட்டோமோ என்று. காலையில் எழுந்து பார்த்தால் இருவரையும் காணோம்.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தார்கள். சரவணம்பட்டிக்குப் போய், பள்ளிக்கூட நேரத்துக்கு அங்கிருந்து பஸ் ஏறிக் காந்திபுரத்தில் இறங்கி, மறு பஸ்ஸுக்குக் காத்திருந்து, சிங்காநல்லூர் வரைக்கும் நின்றுகொண்டே பிரயாணம் செய்து பார்த்திருக்கிறார், மாப்பிள்ளை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அவளுக்குக் காசு செலவில்லை. "காசு மிச்சம்தான் அத்தை. ஆனால் அவள் தினமும் இறங்கும்போது அவளிடம் வேறெதுவும் மிச்சம் இருக்காது" என்றார். சட்டைக் காலர் கசங்கி, வேர்வையில் நனைந்து நின்றார். அந்தக் கோலத்தில் அவர் கலியாணத்தன்றைவிட லட்சணமாக இருந்தார் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு இரண்டு வேலைக்கும் நடுவில் தேடினோம். அவினாசி ரோட்டில் ஹோப் காலேஜ் என்று ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. இறங்கிக் காலேஜைத் தேடாதீர்கள்! மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் 1945-ல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி, பிற்பாடு தடாகம் ரோட்டில் அரசினர் கல்லூரியாகிவிட்டது. பெயர் மட்டும் பஸ்ஸுக்காக இங்கேயே காத்துக்கொண்டிருக்கிறது. இங்கிருந்து தெற்கே காமராஜர் ரோடு சிங்காநல்லூருக்குப் போகிறது. வடக்கே விளாங்குறிச்சி வழியாகச் சரவணம்பட்டிக்குப் போகலாம். காமராஜர் ரோட்டை ஒட்டி மசக்காளிபாளையம். பட்டறைச் சத்தம், பால் சொசைட்டிக் கூட்டம், கோலம் போட்ட வாசல். பார்த்து மயங்கும்படி ஒன்றும் இல்லை. சிங்காநல்லூர் உழவர் சந்தை பக்கம், காய்கறிக்குக் கவலையில்லை.

அங்கே ஒரு கிழவியம்மாளின் மாடி வீடு. வாடகை 10,500. அந்த அம்மாள் ஊர் கேட்கவில்லை, மற்றதும் கேட்கவில்லை. "ஏனுங் கண்ணு, ரெண்டு பேருக்கு எத்தனை கொடம் தண்ணி வேணும்?" என்று ஒரே கேள்வி.

"இது சிறுவாணியா, பில்லூரா பாட்டி?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"கொழாயத் தொறந்தா வருது சாமி. பேரு சொல்லிட்டு வரல" என்றார்.

அட்வான்ஸ் ஐந்து மாதம். எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று மாப்பிள்ளை பிடிவாதமாகச் சொன்னார். கிழவியம்மாள் தம் மகனைக் கூப்பிட்டு, "படிச்ச புள்ளைங்க, சொல்றதைச் செஞ்சு குடு" என்றார். காலி செய்யும்போது அட்வான்ஸ் திரும்பி வருவதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

இப்போது மாப்பிள்ளை தினம் அரை மணி ஸ்கூட்டரில் போகிறார். மழை நாளில் புலம்புகிறார். அண்ணன் மகள் ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்விடுகிறாள். மாடி வெய்யிலில் கொதிக்கிறது, காற்று கோவைப்புதூர்க் காற்று இல்லை என்று இருவருக்குமே குறை.

பால் காய்ச்சிய அன்று நான் பாயசம் செய்துகொண்டு போயிருந்தேன். எனக்கு முன்னாலேயே கிழவியம்மாள் ஒரு தூக்குப் போசியோடு படியேறி வந்துவிட்டார். திறந்தால், நெய் மணக்க அரிசியும் பருப்பும் சாதம்! அண்ணன் மகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பாட்டி, இதை எப்படிச் செய்வது?" என்று கேட்டாள்.

"போசியக் கழுவிக் குடுக்கக் கீழ வருவியல்ல, அப்பச் சொல்றேன் அம்மிணி" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.