வெற்றிடத்தில் அமர்ந்தவர்கள்

ஒருவர் விலகிப் போனால் அவருடைய இடத்தில் யாரை இருத்துவது? பாடசாலையிலும் பள்ளிவாசல் நிர்வாக சபையிலும் எழுகிற கேள்விதான். பெரும்பாலும் போனவரைப் போலவே ஒருவரைத் தேடுகிறோம். 'சக்தி' இசைக்குழு அப்படித் தேடவில்லை. அதனாலேயே அவர்களுடைய இறுவட்டு ஒன்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

'தி வே ஒஃப் பியூட்டி' என்ற அந்த இறுவட்டு 2006இல் வெளியானது. லண்டனிலிருந்து புத்தளத்துக்கு வந்த மச்சான் ஒருவர் கொண்டுவந்து தந்தார். பழைய சக்தி, புதிய சக்தி இரண்டையும் அதில் பார்க்கலாம். இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள்.

ஜோன் மெக்லாஃப்லின் 1971இல் மஹாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ராவைத் தொடங்கிய ஆங்கிலேயர். ராக்கும் ஜாஸும் கலந்து, காதைப் பிளக்கும் மின்கிற்றார் வாசித்தவர். அவர்தான் பிறகு மேடையில் சப்பாணி கட்டி அமர்ந்தார். கமகம் பிடிப்பதற்காக விரல்பலகை குழிவாகக் கடையப்பட்ட, சுருதித் தந்திகள் சேர்த்த கிற்றார் அவர் மடியில் இருந்தது. பக்கத்தில் எல். சங்கரின் வயலின், ஸாகிர் ஹுசைனின் தபேலா, விக்கு விநாயக்ராமின் கடம். முதல் இசைத்தட்டு 1975 ஜூலையில் நியூயோர்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் நேரடியாகப் பதிவானது. அதில் ராம்நாட் ராகவனின் மிருதங்கமும் உண்டு. மூன்று இசைத்தட்டுகளோடு எழுபதுகளின் இறுதியில் குழு கலைந்தது.

இந்தச் சங்கர் நமக்கு அந்நியர் அல்லர். அவருடைய தந்தை வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். சங்கரும் அண்ணன் எல். சுப்பிரமணியமும் சிறுவயதில் இங்கேதான் வளர்ந்தார்கள். 1958 கலவரத்தின் பின் அந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது.

1997இல் குழு மீண்டும் கூடியபோது சங்கர் இல்லை. இன்னொரு வயலினைக் கொண்டுவந்து அந்த இடத்தை அடைக்கவும் இல்லை. முதலில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் வந்தது. பிறகு யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலின். விக்குவுக்குப் பின் அவர் மகன் செல்வகணேஷ், தந்தையின் கடத்தைவிடக் கஞ்சிராவையே அதிகம் கையிலெடுத்தார். 2000இல் சங்கர் மகாதேவனின் குரலும் சேர்ந்தது.

மச்சானுக்குப் பழைய சக்திதான் சக்தி. அவர் சொல்வதில் நியாயமுண்டு. வில் இழுபடும்போது வயலினில் எழுகிற நீண்ட ஓலத்தை, தட்டி வாசிக்கும் மாண்டலின் தராது. புதிய குழுவில் தாளச் சவால்கள் சில வேளை கைதட்டலுக்காக நீள்வது போலவும் படும். ஆனால் ஸ்ரீநிவாஸ் வாசிக்கையில் மெக்லாஃப்லின் தலையை மெல்ல அசைத்துக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பாருங்கள். பழைய குழுவில் கிற்றாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்தும். இங்கே ஒருவர் பேச மற்றவர் கேட்கிறார். வயது கொடுத்த பக்குவமாக இருக்கலாம். புதியவரைப் பழையவராக்க அவர் முயலவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

குழுவுக்கு அவர்கள் வைத்த பெயரும் என்னை யோசிக்க வைத்தது: 'ரிமெம்பர் சக்தி'. சக்தியை நினைவுகொள் என்கிறது பெயர். ஒன்றும் நடவாதது போல அவர்கள் தொடரவில்லை. இழப்பைப் பெயரிலேயே எழுதிவிட்டுத்தான் வாசித்தார்கள்.

2014 செப்டம்பரில் ஸ்ரீநிவாஸ் 45 வயதில் காலமானார். பின்னர் இன்னொரு மாண்டலின் வரவில்லை. இம்முறை கணேஷ் ராஜகோபாலனின் வயலின் வந்தது. 2023இல் சக்தி என்ற பழைய பெயரிலேயே 'திஸ் மோமன்ட்' வெளியானது. 2024 பெப்ரவரியில் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 15இல் ஸாகிர் ஹுசைனும் வபாத்தானார். தொடக்கத்திலிருந்து விலகாதிருந்த இருவரில் மெக்லாஃப்லின் மட்டுமே மிஞ்சினார்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்து, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்று, இப்போது சாட்டியில் படிப்பிக்கிறேன். திரும்பி வந்தவர்களிடம் ஊர் பழைய ஆட்களைத் தேடுகிறது. நாங்களும் பழைய ஊரைத் தேடுகிறோம். இருவருக்கும் ஏமாற்றம். புத்தளத்தில் பிறந்த என் பிள்ளைகளுடைய பேச்சின் சுருதியே வேறு. அவர்களை என் வாப்பாவின் காலத்து யாழ்ப்பாணத்தார் ஆக்க முடியாது. அவர்கள் தங்கள் வாத்தியத்தோடுதான் வந்து அமர்வார்கள்.

ஆனாலும் ஒப்பீட்டை ஓர் எல்லைக்கு மேல் இழுக்கக்கூடாது. 1997இல் சங்கர் இல்லாதது இசைக்குழு ஒன்றின் கதை. 1958இல் அவருடைய குடும்பம் போனது ஊரின் கதை. தானாக ஒழிந்த கதிரை வேறு, ஆளை எழுப்பிவிட்டு ஒழித்த கதிரை வேறு. இரண்டாவதில் அமர்பவர் எவ்வளவு நன்றாக வாசித்தாலும், அங்கே முன்பு இருந்தவர் யார், ஏன் போனார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சென்ற தவணை முடிவில் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சக்தியின் பழைய வயலினைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். இந்த விரல்கள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவை என்றேன். நம்பவில்லை. 1958ஐச் சொன்னேன். "பிறகு அவை ஏன் சேர் திரும்பி வரேல்லை?" என்றாள் ஒருத்தி. நான் பதில் தேடுவதற்குள் பின்வாங்கிலிலிருந்து ஒரு பொடியன் சொன்னான்: "எங்கட அம்மம்மாவும் போனவ சேர். அவ வந்திட்டா. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தரும் வரேல்லையாம்."