ஒல்லி அப்பாவுக்கு ஏன் சுகர்?

எங்க அப்பா 52 கிலோ. அஞ்சேகால் அடி உயரம். அறந்தாங்கி மண்டியில மூட்டை தூக்குறவர். தொப்பைங்கிறது பேருக்குக்கூடக் கிடையாது. நான் ப்ளஸ் டூ படிக்கும்போது ஊர்ல நடந்த இலவச முகாம்ல அவருக்கு சுகர் 280-ன்னு சொன்னாங்க. தெருவே சிரிச்சது. 'பணக்கார வியாதி அட்ரஸ் மாறி வந்துருச்சுப்பா' என்று சித்தப்பா ஓட்டினார். அப்பாவும் சேர்ந்து சிரிச்சார். மாத்திரை மட்டும் வாங்கலை. குண்டா இருக்கிறவனுக்குத்தானே சுகர் வரும்?

அந்தக் கேள்விதான் என்னை உடல் பருமன் ஆராய்ச்சிக்கு இழுத்துட்டு வந்ததுன்னு சொன்னா சினிமா மாதிரி இருக்கும். நிஜம் அது இல்லை ஃப்ரெண்ட்ஸ்! எம்.எஸ்சி. முடிச்சு, ஜே.ஆர்.எஃப். வாங்கி, கைடு தேடி சென்னையில அலைஞ்சப்ப காலியா இருந்த ஒரே இடம் அதுதான். எங்க காலனியில முதல் எம்.எஸ்சி. நான். 'இது வேணாம், வேற குடுங்க'ன்னு கேட்கலாம்கிறதே அப்ப எனக்குத் தெரியாது.

இன்டர்வியூவுல 'ஏன் இந்த ஃபீல்டு?' என்றார் மேடம். மனப்பாடம் பண்ணி வச்சிருந்த இங்கிலீஷ் பதில் ரெண்டாவது வரியில காலை வாரிருச்சு. 'தமிழ்லயே சொல்லும்மா' என்றார். வேற வழியில்லாம அப்பா கதையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வச்சுட்டுக் கேட்டவர், எழுந்துபோய் ஒரு பக்க ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தார். 2004-ல் 'லான்செட்' இதழ்ல வந்தது. ரெண்டு டாக்டர்கள் போட்டோ. ஒருத்தர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், இன்னொருத்தர் லண்டன் ஜான் யட்கின். ரெண்டு பேருக்குமே பி.எம்.ஐ. 22.3. ஆனா உடம்புல இருக்கிற கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவிகிதம், நம்ம யாக்னிக்குக்கு 21.2 சதவிகிதம்!

வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. புனே பக்கத்துக் கிராமங்கள்ல யாக்னிக் குழு குழந்தைகளை அளந்தப்ப, பிறக்கும்போதே இதுதான் கதைன்னு தெரிஞ்சது. அங்கே சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைக்கு 3.5. எடை அவ்வளவு குறைஞ்சும், தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்பு அந்த அளவுக்குக் குறையலை. பி.எம்.ஐ.ங்கிறதே 1830-கள்ல பெல்ஜியத்துக் கெத்தலே, ஐரோப்பிய உடம்புகளை வச்சுப் போட்ட கணக்கு. அதனாலதான் நமக்கு 23 வந்தாலே அதிக எடை, 25 வந்தா பருமன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாதுன்னு தனி அளவு வச்சிருக்காங்க. எல்லா ஒல்லி சுகருக்கும் இது ஒண்ணே காரணம் இல்லை. ஆனா, அன்னைக்கு அந்த ஜெராக்ஸைப் பிடிச்ச என் கை நடுங்கினது ஞாபகம் இருக்கு. 'உங்க தெரு சிரிச்சதுன்னு சொன்னியே, அதுவும் டேட்டாதான்' என்றார் மேடம்.

முதல் வருஷம் லேப் மீட்டிங்ல நான் வாயே திறக்கலை. எல்லாரும் எங்கேயோ ஏற்கெனவே ரிகர்சல் பார்த்துட்டு வந்த மாதிரி பேசுவாங்க. ஒரு சீனியர் என் 'ஒபிசிட்டி' உச்சரிப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டி சிரிப்பான். மேடம் என்ன பண்ணினார் தெரியுமா? ஒவ்வொரு மீட்டிங்குக்கும் பத்து நிமிஷம் முன்னாடி என்னைக் கூப்பிடுவார். 'இன்னைக்கு நீ ஒரு கேள்வி கேட்கணும். என்ன கேட்கப் போறே, சொல்லு.' அவ்வளவுதான். எனக்கும் ரிகர்சல்! ஆறு மாசம் இது நடந்தது.

அப்படி நானா கேட்ட முதல் உருப்படியான கேள்வி, சர்வே ஃபார்ம் பற்றியது. கந்தர்வகோட்டை பக்கம் ஒரு கிராமத்துல, 'உடற்பயிற்சி செய்வீங்களா?'ன்னு கேட்டதுக்கு 'இல்லை'ன்னு சொன்ன அக்கா, அன்னைக்குக் காலையில நாத்து நட்டுட்டு வந்திருந்தாங்க. ஃபார்ம்ல அவங்க சோம்பேறி! இடுப்பு அளக்க ஆண் ஊழியர் டேப்போட போனா, பெண்கள் சேலைக்கு மேலேயே, அதுவும் எட்ட நின்னுதான் அளக்க விடுவாங்க. எனக்கு அது புதுசு இல்லை, எங்க அம்மாவும் அப்படித்தான். லேப்ல மத்தவங்களுக்குப் புதுசு. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி (2019-21) தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40.4 சதவிகிதம் பேர் அதிக எடை அல்லது பருமன். அந்த நூத்துக்கு நாற்பது பேரை யார் போய் அளக்கிறாங்கங்கிறது சின்ன விஷயமா, சொல்லுங்க? ஃபார்ம் மாறிச்சு. பெண் ஊழியர்கள் போனாங்க.

ஒரு விஷயத்தைச் சொல்லாம விட முடியாது. ஃபெலோஷிப் பணம் ஆறு மாசம் வரலை. எந்த ஆபீஸ்னு விடுங்க. ஜே.ஆர்.எஃப். தொகை 2023-ல் மாசம் 37,000 ரூபாய் ஆச்சுன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும், வரலைன்னு யாருக்கும் தெரியாது. காலையில டீ, மதியம் பன். பருமன் பற்றிப் படிக்கிற லேப்ல பட்டினி! கண்டுபிடிச்ச மேடம் வாடகையைக் கடனா குடுத்தார். நல்ல மனசு, மறுக்கலை. ஆனா, நல்ல மனசு இருக்கிற கைடு கிடைக்காத பொண்ணு ஊருக்குப் பஸ் ஏறியிருப்பா. நானே கோயம்பேடு வரைக்கும் போயிட்டுத் திரும்பினவதான்.

புதுக்கோட்டைக்காரிக்கு வழிகாட்டிகள் பற்றிச் சொல்லித் தரணுமா என்ன? எங்க ஊர் முத்துலட்சுமி ரெட்டியை ஆண்கள் காலேஜ்ல சேர்க்கக் கூடாதுன்னு எதிர்ப்பு வந்தப்ப, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கிட்டார். ஆனா, வகுப்புல திரைக்குப் பின்னாடி உட்காரணும். 1912-ல் டாக்டர் ஆன அவங்க, 1954-ல் அடையாறுல புற்றுநோய் மருத்துவமனை ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே அங்கே சேர்ந்தாங்க டாக்டர் சாந்தா. திரைக்குப் பின்னாடி உட்கார்ந்தவங்க இன்னொரு பொண்ணை முன்னாடி உட்கார வச்சாங்க.

எங்க அம்மா வழி வேற. 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, அறிவொளி இயக்கத்தோட சேர்ந்து கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினாங்க. ஒரு லட்சம் பேருக்கு மேலன்னு சொல்வாங்க. அதுல ஒருத்தி அம்மா. 'சீட்டைப் பிடிச்சிட்டு ஓடிவந்தா செல்லம்மா. பிடிச்சிருக்காளான்னு திரும்பிப் பார்த்தா, அவ பத்தடி பின்னாடி நின்னு கை தட்டுறா. ராத்திரி பூரா அவளைத் திட்டினேன்' என்பார்.

இப்ப எனக்கு ஒரு ஜூனியர் இருக்கா, திருமயம் பக்கத்துப் பொண்ணு. நைட் ஷிஃப்ட்டுக்கு வேன்ல போற மில் பெண்களோட சாப்பாட்டு நேரத்துக்கும் இடுப்பளவுக்கும் சம்பந்தம் இருக்கான்னு பார்க்கிறா. எனக்குத் தோணவே தோணாத கேள்வி! ஒரு கருத்தரங்குக்கு அவ எழுதின சுருக்கத்தை நான் ராத்திரியே உட்கார்ந்து முழுசா மாத்தி எழுதி அனுப்பினேன், பெருமையா. காலையில வந்து, 'நல்லா இருக்குக்கா. ஆனா இது நான் எழுதினது இல்லையே' என்றாள். கோபம் வந்தது. மதியத்துக்குள்ள வெட்கமா போச்சு. என்னோடதை டெலீட் பண்ணிட்டு அவளோடதையே திருப்பிக் குடுத்தேன்.

நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு போன். 'அக்கா, டைட்டில் மட்டும் மாத்தியிருக்கேன். நீங்க பார்க்க வேணாம், நேரா அனுப்புறேன்.' அனுப்பிட்டா. எனக்கும் ஒரு காப்பி வந்தது. மூணாவது வரியில ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருக்கு. நான் இன்னும் சொல்லலை.